வழக்கமும் ஒழுக்கமும்



"காலம் கெட்டுவிட்டது" என்று முதியோர் வருந்துகின்றனர். "காலம் மாறிவிட்டது" என்று இளைஞர் விடையிறுக்கின்றனர். போதைப் பொருள்களைப் பற்றியும் ஆண் பெண் உறவைப் பற்றியும் பேச்செழும்போதெல்லாம் இவ்விரு குரல்களும் மோதக் கேட்கிறோம். இவற்றுள் எது சரி? இதனை ஆராய நாம் தொலைவிற் செல்ல வேண்டுவதில்லை. கடலூரைத் தலைநகராகக் கொண்டிருந்த பழைய தென்னார்க்காடு மாவட்டத்தின் வரலாறே போதிய சான்று தருகிறது.

முதலில் மதுவை எடுத்துக்கொள்வோம். சங்க காலத்து வள்ளல் அதியமான் ஔவையாரோடு கள்ளைப் பகிர்ந்துண்டான். அதனை இழிவென்று எவரும் கருதவில்லை. திருவள்ளுவரோ கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே வகுத்து, பொருட்பெண்டிரை நாடுதலையும் சூதாட்டத்தையும் கடியும் அதிகாரங்களுக்கு நடுவே வைத்தார். ஆகவே, கருத்து மாறுவது இக்காலத்துப் புதுமை அன்று. ஆங்கிலேயர் ஆட்சியில் கள்ளும் சாராயமும் மட்டுமின்றிக் கஞ்சாவும் அபினியும் உரிமம் பெற்ற கடைகளில் விற்கப்பட்டன. அரசுக்கு அவை வருவாய் தந்தன. 1937 அக்டோபர் முதல் நாள், இராஜாஜியின் அமைச்சரவை சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கிற்று. 1948 அக்டோபர் 2ஆம் நாள், ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் தலைமையில், அது மாகாணம் முழுமைக்கும் விரிந்தது. ஓமந்தூரார் நம் தென்னார்க்காட்டு உழவர் குடியிற் பிறந்தவர்.

அந்நாளில் கடலூர் முதுநகரிலிருந்து வடக்கே புறப்பட்டு, கெடிலத்தையும் பெண்ணையாற்றையும் கடந்து சற்றுத் தொலைவு சென்றால், புதுச்சேரியைச் சேர்ந்த பிரெஞ்சு ஆட்சி நிலம் வந்துவிடும். அங்கே மதுவிலக்கு இல்லை. எல்லைக்கு இப்பால் குற்றமாயிருந்த ஒரு குவளை, அப்பால் வாணிகமாயிருந்தது! 1971இல் தமிழ்நாட்டில் மதுவிலக்குத் தளர்த்தப்பட்டது. 1974இல் மீண்டும் வந்தது. 1981இல் மறுபடியும் கடைகள் திறந்தன. 2003 முதல் அரசின் வாணிபக் கழகமே சில்லறைக் கடைகளை நடத்துகிறது. ஒரு மனிதனின் வாழ்நாளுக்குள்ளேயே, அதே பொருள் குற்றமாகவும் வருவாயாகவும் மாறி மாறிக் காட்சி தந்தது.

ஆண் பெண் உறவைப் பற்றிய கருத்தும் இவ்வாறே மாறியுள்ளது. சிறுமியர்க்குக் கோயிலிற் பொட்டுக்கட்டும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. அப்பெண்களிற் பலர் செல்வரின் விருப்பத்திற்கு உரியராயினர். நாடிச் சென்றவர் 'பெரிய மனிதர்' எனப்பட்டனர்; பழியெல்லாம் பெண்ணின் தலைமேல் விழுந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1927இல் சென்னைச் சட்டசபையில் இவ்வழக்கத்தை ஒழிக்கத் தீர்மானம் கொண்டுவந்தார். அவ்வாழ்வின் துயரை நேரில் அறிந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஊர்தோறும் சென்று பேசினார். "இது தொன்மையான மரபு" என்று எதிர்த்தவர்களும் உண்டு. தம் நிலவுரிமையும் கலையும் பறிபோகுமென்று அஞ்சிய தேவதாசியரும் உண்டு, அவ்வச்சம் பொருளற்றதன்று. 1947ஆம் ஆண்டுச் சட்டம், ஓமந்தூரார் ஆட்சியிலேயே, பொட்டுக்கட்டுதலைத் தடை செய்தது. அப்பெண்கள் காத்துவந்த ஆடற்கலையோ, பரதநாட்டியம் என்னும் பெயருடன் பிற குடும்பங்களுக்குச் சென்று பெருமை பெற்றது. சிதம்பரத்தில் 1981 முதல் நாட்டியாஞ்சலி விழா நடைபெறுகிறது. அங்கே மகளை ஆடவிட்டு மகிழும் பெற்றோரின் பாட்டனார், அக்கலையின் பெயரைக் கேட்டே முகஞ்சுளித்திருக்கக் கூடும்.

இவற்றால் நாம் அறிவது யாது? வழக்கம் வேறு, ஒழுக்கம் வேறு. ஊர் ஒப்புக்கொண்டதனால் ஒரு செயல் நல்லதாகிவிடாது. ஊர் முகஞ்சுளித்ததனால் தீயதாகிவிடவும் மாட்டாது. அங்ஙனமாயின் அளவுகோல் எது? இச்செயலால் விளையும் துன்பத்தைச் சுமப்பவர் யார்? அவர் அறிந்தும் அஞ்சாமலும் அதற்கு இசைந்தாரா? இவ்விரு வினாக்களே அளவுகோல். பொட்டுக்கட்டப்பட்ட சிறுமியின் இசைவை யாரும் கேட்டாரில்லை.

பழைய தென்னார்க்காட்டைச் சேர்ந்த கள்ளக்குறிச்சியில், 2024 ஜூன் மாதம், மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. மெத்தனால் உடலுக்குள் நச்சமிலமாக மாறி, முதலிற் கண்ணின் நரம்பைக் கெடுத்துப் பின்னர் உயிரையும் பறிக்கும். குடித்தவர் மடிந்தனர், துன்பத்தைச் சுமக்க அவர்தம் பிள்ளைகள் எஞ்சினர். அச்சாராயம் சட்டத்திற்குப் புறம்பானது. அரசுக் கடைகள் திறந்திருந்த காலத்திலேயே அது விற்றது. தடையும் அனுமதியும் தனித்தனியே நம்மைக் காத்துவிடா என்பதற்கு இஃதொரு சான்று.

"கனடாவில் 2018 முதல் கஞ்சா குற்றமன்றே; நமக்கு மட்டும் 1985ஆம் ஆண்டுச் சட்டம் ஏன்?" என்று உங்களிற் சிலர் கேட்கலாம். கேட்பது தவறன்று. ஆயினும், அங்கும் 18 வயது நிரம்பாதவர்க்கு அதனை விற்றல் குற்றமே. இளமையில் மூளை இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. வளரும் பயிரில் நஞ்சு தெளிப்பாரும் உளரோ?

பெண்ணின் திருமண வயதை 1929ஆம் ஆண்டுச் சாரதா சட்டம் 14 என்று வைத்தது. 1978இல் அது 18 ஆயிற்று. மணப்பந்தலில் அமர்ந்த சிறுமியை ஊர் வாழ்த்திய காலம் போய், சட்டம் அவளைக் காக்கும் காலம் வந்துள்ளது. இம்மாற்றத்தைக் கேடென்று எவர் சொல்வார்? வயது வந்த இருவர் மனமொத்துத் தம் துணையைத் தாமே தேடிக்கொண்டால், முதியோராகிய நாங்கள் சினங்கொள்ளுமுன் சிந்திக்க வேண்டும். அவ்வாறே, காதலென்று சொல்லி அச்சுறுத்துவதும், நம்பித் தந்த படத்தைக் கைப்பேசியிற் பிறர்க்குக் காட்டுவதும் எந்தக் காலம் வந்தாலும் கொடுமையே என்பதை இளைஞர் உணர வேண்டும்.

நண்பர்களே! நாளை உங்கள் தோழன் ஒருவன், "எல்லாரும் செய்கிறார்கள், நீயும் வா" என்று அழைப்பான். எல்லாரும் செய்த எத்தனையோ செயல்களைப் பின்னர் எல்லாரும் வெறுத்தனர் என்பதை நினைவிற்கொண்டு, துன்பம் யாருக்கு, இசைவு உண்டா என்று முதலிற் கேளுங்கள். பிறகு விடை சொல்லுங்கள்.