போர்க்கலம் ஓருடல்

1760-இல் ஆங்கிலேயர் தகர்த்த ஆலம்பரைக் கோட்டையின் அருகே, கடப்பாக்கத்தில் திரண்டுள்ள அன்பர்களே! இளைஞர்களே!

போர்க்கலம் உறுப்புகளின் குவியலன்று, ஓருடல். சுவீடன் நாட்டின் 'வாசா' கட்டப்பட்டபோது, முப்பது ஆட்கள் தளத்தின் குறுக்கே ஓடி ஆய்ந்தனர். கலம் தள்ளாடியது. ஓட்டத்தை நிறுத்தினரேயன்றிக் கலத்தைத் திருத்தினாரல்லர்! மேற்சுமை மிகுந்த அக்கலம் 1628-இல் முதற்பயணத்திலேயே கவிழ்ந்தது.

2016-இல் இந்தியக் கடற்படையிற் சேர்ந்த 'சென்னை' என்னும் அழிப்புக்கலத்தை எண்ணுக. இராடாரை உயரத்தில் அமைத்தால் தொலைவு தெரியும். கலத்தின் எடைமையமும் உயரும். மின்னாற்றலைக் கூட்டினால் வெப்பமும் கூடும்; குளிர்விப்பும் வேண்டும். இராடார் கண்டதை ஏவுகணை நொடியில் அறிதல் வேண்டும். ஆதலின் முழுமையை முதலில் வரைக. இணைப்புகளைப் படிதோறும் ஆய்க.

குறைகாட்டும் ஆய்வை நிறுத்தற்க, குறையைத் திருத்துக!