மாலுமியை மீட்பது யார் பொறுப்பு?

கடற்கொள்ளை என்றதும் வாளும் புதையலும்தான் பலருக்கு நினைவு வரும். ஆனால் பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளில் மத்தியதரைக் கடலில் நல்ல விலைக்குப் போன சரக்கு மனிதன். வட ஆப்பிரிக்காவின் அல்ஜியர்ஸ், துனிஸ், திரிபோலி கப்பல்கள் ஐரோப்பிய மாலுமிகளைப் பிடித்தன. மால்டாவின் கிறிஸ்தவப் படையினர் முஸ்லிம்களைப் பிடித்துத் துடுப்பு வலிக்க வைத்தார்கள். பிடிபட்டவன் ஊர் திரும்புவானா என்பது பிடித்தவனின் மனதைவிட, அவனுக்காகப் பணம் திரட்ட ஊரில் ஓர் ஏற்பாடு இருந்ததா என்பதைப் பொறுத்தே அமைந்தது. 'டான் குயிக்ஸாட்' எழுதிய செர்வாண்டிஸ் 1575இல் பிடிபட்டார். கையில் பெரிய இடத்துச் சிபாரிசுக் கடிதங்கள் இருந்ததால், பெரும்புள்ளி என்று நினைத்து விலையை ஏற்றிவிட்டார்கள். குடும்பத்தால் அவ்வளவு பணம் புரட்ட முடியவில்லை. கைதிகளை மீட்பதற்கென்றே 1198இல் தோன்றிய திரித்துவ சபைத் துறவிகள்தான் 1580இல் 500 எஸ்குடோ கொடுத்து அவரை விடுவித்தார்கள்.

பெயரில்லாத சாதாரண மாலுமிக்கு யார் இருக்கிறார்கள்? இந்தக் கேள்விக்கு ஹாம்பர்க் நகரம் கண்ட விடை எனக்கு மிகவும் பிடித்தமானது. சற்று நிதானித்துக் கேளுங்கள். 1624இல் அந்நகரம் கைதிகளை மீட்க ஒரு பொது நிதியைத் தொடங்கியது. கடலுக்குப் போகிறவர்கள் அவரவர் தகுதிக்கேற்ப அதில் கட்டாயமாகப் பணம் செலுத்தினார்கள். 1629இல் லூபெக் நகரமும் இதைப் பின்பற்றியது. அதுவரை கைதியின் மனைவி கோயில் வாசலில் கையேந்திப் பெற்ற தருமம், இப்போது அவன் உழைப்பிலிருந்து சேர்ந்த உரிமை ஆயிற்று. தொழிலாளர் காப்பீட்டின் வரலாற்றை இங்கிருந்து தொடங்குவதே நியாயம் என்பேன்.

பணம் கொடுத்தால் கொள்ளை வளராதா என்று நீங்கள் கேட்கலாம். வளரும், அதை மறுக்க முடியாது. ஆனால் கொடுக்காமல் இருந்ததால் கொள்ளை நின்றதா? 1785இல் அல்ஜியர்ஸ் 21 அமெரிக்க மாலுமிகளைப் பிடித்தது. விலை அதிகம் என்று அமெரிக்கா தயங்கியது. 1793இல் மேலும் பல கப்பல்கள் பிடிபட்டன. கடைசியில் 1795 உடன்படிக்கைக்கு ஆறு லட்சம் டாலருக்கு மேல் செலவானது. அதற்குள் முதலில் பிடிபட்டவர்களில் சிலர் இறந்தே போனார்கள். மீட்கப்படாத கைதியும் கல்லுடைத்து, துடுப்பு வலித்து எசமானனுக்கு லாபம் தந்தான். அந்தக் கொள்ளையை ஒடுக்கியவை 1816இல் பிரிட்டிஷ், டச்சுக் கப்பல்கள் அல்ஜியர்ஸ் மீது நடத்திய பீரங்கித் தாக்குதலும், 1830இல் பிரான்ஸ் அந்நகரைக் கைப்பற்றியதும்தான். கொள்ளையை ஒடுக்குவது அரசின் கடமை. அதற்கான விலையைக் கூலிக்குப் போன மாலுமியின் உயிரிலிருந்து கழிக்கக் கூடாது.

இது பழங்கதை அல்ல, நேயர்களே. 2010 மார்ச்சில் சோமாலியக் கொள்ளையர் பிடித்த 'ஐஸ்பெர்க் 1' கப்பலில் இந்தியர்களும் இருந்தார்கள். உரிமையாளர் கைவிட்டுவிட்டார். 2012 டிசம்பரில் சோமாலியாவின் பன்ட்லாந்துப் பகுதிப் படையினர் மீட்கும்வரை, ஏறத்தாழ 33 மாதங்கள் அவர்கள் கைதிகளாகவே கிடந்தார்கள்.