பெட்டியை மாற்றுமுன்



யாழ்ப்பாணக் குடாநாட்டின் புத்தூரிலே பாடசாலை அதிபராகப் பணிபுரியும் நான், கலைத்துறையிற் பட்டம் பெற்றவன். மோட்டார் வண்டியின் இலத்திரனியல் உறுப்பொன்றைப் பற்றி இன்று பேச முன்வந்திருப்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆயினும், பாடசாலையை விட்டு ஆண்டுதோறும் வெளியேறும் மாணவருட் சிலர் வண்டி திருத்தும் கராஜ்களுக்கே செல்கின்றனர். அவர்கள் கையில் நமது வண்டிகளையும், அவற்றோடு நமது பணத்தையும் உயிரையும் ஒப்படைக்கின்றோம். ஆதலின் இப்பொருள் ஆசிரியனுக்கும் உரியதே.

வண்டி திருத்துவதிற் குடாநாட்டுக்கு ஒரு தனிப் புகழ் உண்டு. ஒஸ்ரின் ஏ 40, மொறிஸ் மைனர் முதலிய பழைய வண்டிகள், அவற்றைச் செய்த தொழிற்சாலைகள் உற்பத்தியை நிறுத்திப் பல ஆண்டுகள் சென்ற பின்னரும், நமது வீதிகளில் ஓடின. 1990ஆம் ஆண்டின் பின் பொருளாதாரத் தடையினால் பெற்றோல் அரிதானபோது, அவ்வண்டிகளை மண்ணெண்ணெயில் ஓட்டினர் நம்மவர். சிறிது பெற்றோலை விட்டு இயந்திரத்தை முடுக்கி, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். அழுத்த விகிதம் குறைந்த பழைய இயந்திரமாதலின் அது அதனைத் தாங்கிக்கொண்டது. கம்பியையும் குழாயையும் கண்ணாற் கண்டு, கையாற் தொட்டு, காதாற் கேட்டுப் பழுதறிந்த காலம் அது.

இன்று நமது முற்றங்களில் நிற்பவை பெரும்பாலும் யப்பானிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வந்த புதுவகை வண்டிகள். அவற்றின் உள்ளே, ஓட்டுநரின் முன்பலகைக்குக் கீழேயோ உருகிப் பெட்டியின் அருகிலேயோ, சிறு பெட்டி ஒன்று மறைந்திருக்கின்றது. ஆங்கிலத்தில் அதனைப் ‘பொடி கொன்ட்ரோல் மொடியூல்’ என்பர். நாம் உடற் கட்டுப்பாட்டு அலகு எனலாம். இயந்திரத்தை ஆள்வதற்கு வேறோர் அலகு உண்டு. இந்த அலகோ விளக்கு, மழை துடைப்பான், கதவுப் பூட்டு, யன்னற் கண்ணாடி, ஊதுகுழல் முதலியவற்றை ஆள்கின்றது. பல வண்டிகளில் திறப்பை அடையாளங் காணும் வேலையிலும் இதற்குப் பங்குண்டு.

இதன் தொழிலை விளக்க ஓர் உவமை கூறுகின்றேன். 1963ஆம் ஆண்டிலே கிராம சேவையாளர் முறை வருமுன், நமது ஊர்களில் விதானையார் என்றொருவர் இருந்தார். ஊராரின் விண்ணப்பம் அவரிடம் போகும். அரசாங்கத்தின் கட்டளை அவர் வழியே வரும். பழைய வண்டியில் ஆளியைப் போட்டால் மின்னோட்டம் நேரே விளக்குக்கு ஓடிற்று. புதிய வண்டியிலோ ஆளி ஒரு விண்ணப்பத்தை மட்டுமே அனுப்புகின்றது. விளக்கை ஏற்றுவதா விடுவதா என்பதை அலகு தீர்மானிக்கின்றது. வண்டியிலுள்ள பல அலகுகளும் முறுக்கிய இரு கம்பிகளின் வழியே தம்முட் செய்தி பரிமாறுகின்றன. இம்முறையை ஜேர்மனியின் பொஷ் நிறுவனம் 1986ஆம் ஆண்டில் உலகுக்கு அறிமுகஞ் செய்தது. வண்டியின் கம்பிச் சுமை குறைந்தமைக்கு இதுவும் ஒரு காரணமாகும்.

இனி, பழுது எவ்வாறு தோன்றுகின்றது என்பதை எங்கள் ஊரில் நிகழ்ந்த ஒன்றைக் கொண்டு கூறுகின்றேன். வாடகைக்குக் கார் ஓட்டும் குடும்பத்தலைவர் ஒருவர் இருக்கின்றார். நிலாவரைக் கிணற்றைப் பார்க்க வருவோரை ஏற்றி இறக்குபவரும், நள்ளிரவில் நோயாளரை யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குக் கொண்டு செல்பவரும் அவரே. ஒரு கார்த்திகை மாத அடைமழைக்குப் பின் அவருடைய வண்டி பேய் பிடித்தது போலாயிற்று. பக்க விளக்குகள் தாமாகவே மின்னின. கதவுகள் தாமாகப் பூட்டித் தாமாகத் திறந்தன. விடியும்போது பற்றரி வெறுமையாய்க் கிடந்தது.

காட்டிய இடத்தில், அலகு பழுது, மாற்றவேண்டும் என்றனர். 2020ஆம் ஆண்டு மார்ச்சு முதல் 2025ஆம் ஆண்டு பெப்ரவரி வரை தனியார் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்த காலத்தில், பழைய வண்டிகளைக் கழற்றி விற்ற உதிரிப் பாகங்களே நாடெங்கும் பலருக்குக் கைகொடுத்தன. அவரும் அத்தகைய அலகொன்றைக் கடன்பட்டு வாங்கிப் பூட்டுவித்தார். விளக்குகள் அடங்கின; ஆனால் இயந்திரம் முடுங்கவில்லை. வண்டியின் திறப்பைப் புதிய அலகு அறியவில்லை. வேற்றூரிலிருந்து வந்த விதானையாருக்கு இவ்வூர்க் குடிகளின் பெயர்ப் பதிவு தெரியாதன்றோ? வண்டி இரு வாரங்கள் முற்றத்தில் நின்றது. உழைப்பும் நின்றது.

பின்னர் இளைஞன் ஒருவன் அளவுமானியோடும் ஸ்கானரோடும் வந்தான். முதலில் அவன் எதனையும் கழற்றவில்லை. முன் கண்ணாடியின் அடியிலுள்ள நீர் வடிகாலைப் பார்த்தான். வேப்பஞ் சருகு அதனை அடைத்திருந்தது. தேங்கிய மழைநீர் கம்பிக் கட்டின் வழியே உள்ளே இறங்கி, புவித்தொடுப்பு இணையும் இடத்தையும் இணைப்பானின் முட்களையும் பச்சைக் களிம்பு பூக்கச் செய்திருந்தது. களிம்பைத் துடைத்து, வடிகாலைத் திறந்து, பழைய அலகையே மீண்டும் பூட்டினான். வண்டி ஓடிற்று. விதானையார் நலமாகவே இருந்தார். அவரிடம் போகும் பாதைதான் பழுதுற்றிருந்தது.

நேயர்களே, இதிலிருந்து நாம் கொள்ளவேண்டிய முறை யாது? அலகைக் குற்றவாளியாக்கு முன் நான்கைச் சோதித்தல் வேண்டும். முதலாவது, பற்றரி. ஓய்விலிருக்கும் நல்ல பற்றரி ஏறத்தாழ 12.6 வோல்ற்றுக் காட்டும். 12க்குக் கீழே இறங்கினால் அலகுகள் குழம்பி நடப்பதில் வியப்பில்லை. இரண்டாவது, உருகிகளும் றிலேக்களும். மூன்றாவது, புவித்தொடுப்புக்களும் இணைப்பான்களும். நமது நாட்டின் மழையும், உப்பங்காற்றும், கம்பியைக் கடிக்கும் எலியும் இவற்றுக்குப் பகை. நான்காவது, செய்திக் கம்பிகள். பெரும்பாலான வண்டிகளில், பற்றரியைக் கழற்றியபின் அவ்விரு கம்பிகளுக்கிடையே அளந்தால் ஏறத்தாழ 60 ஓம் இருத்தல் வேண்டும். 120 ஓம் காட்டினால் எங்கோ ஒருபுறம் அறுந்திருக்கலாம். இந்நான்கும் சரியாக இருந்து, அலகுக்கு மின்னும் செய்தியும் ஒழுங்காகச் சென்றும் அது தன் வேலையைச் செய்யாதாயின், அப்போதே அதனை மாற்ற எண்ணுதல் தகும்.

மாற்றும்போதும் ஓர் ஒழுங்கு உண்டு. பழைய அலகு சிறிதேனும் பேசுமாயின், அதிலுள்ள அமைப்புக்களை ஸ்கானரினால் வாசித்துச் சேமிக்க வேண்டும். வாங்கும் அலகின் பாக இலக்கம், கடைசி எழுத்து வரை பழையதோடு ஒத்திருத்தல் வேண்டும். பெட்டியின் உருவம் ஒத்திருந்தாற் போதாது. பற்றரியின் எதிர்முனையைக் கழற்றி, சில நிமிடங்கள் பொறுத்தே கைவைக்க வேண்டும். கலப்பின வண்டியாயின், செம்மஞ்சள் நிறக் கம்பிகள் உயிர்கொல்லும் அழுத்தமுடையவை. பயிற்சி பெறாதோர் அவற்றை அணுகலாகாது. பூட்டியபின், வண்டியில் எவ்வெவ் வசதிகள் உள்ளன என்பதைப் புதிய அலகுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். அவ்வாறு எழுதும் வேளையிற் பற்றரி தளர்ந்தால் அலகு பயனற்றுப் போகக்கூடும். எனவே நிலையான மின்வழங்கலை இணைத்துக்கொள்ள வேண்டும். திறப்புக்களைப் பதிவதாயின் வீட்டிலுள்ள எல்லாத் திறப்புக்களையும் கொண்டு செல்லுதல் நன்று. பழைய அலகை எறிந்துவிடாதீர்கள். அதிலுள்ள பதிவு பின்னர் உதவக்கூடும்.

சில வண்டிகளில், முன்பு வேறொரு வண்டியிற் பூட்டியிருந்த அலகு இவ்வண்டியின் திறப்பை ஏற்கவே மறுக்கும். வேறு சிலவற்றில் திறப்பின் பதிவு இன்னோர் அலகில் இருக்கும். ஆதலின் காசைக் கொடுக்குமுன், ‘இதனைப் பதிவு செய்து தர உங்களால் இயலுமா?’ என்று கேட்டல் வேண்டும். கேட்க வேண்டிய கேள்வி இது ஒன்றேதான். எங்கள் ஊர்க்காரர் அதனைக் கேட்டிருந்தால் கடன்பட்டிருக்கமாட்டார்.

இவ்வளவு பூட்டும் மறையும் ஏன் என்று சிலர் சினப்பர். திருடனைத் தடுத்தல் அதன் நோக்கம், அது நியாயமானதே. ஆயின், திருடனுக்கு இட்ட பூட்டு, நேர்மையான தொழிலாளிக்கும் கதவை அடைத்துவிடுகின்றது. உலகம் இதனை உணர்ந்துள்ளது. ஐக்கிய அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநில மக்கள் 2012ஆம் ஆண்டில், சுயாதீன கராஜ்களுக்கும் திருத்தற் தகவலைக் கொடுக்கவேண்டும் என வாக்களித்தனர். ஐரோப்பிய ஒன்றியமும் 2018ஆம் ஆண்டின் ஒழுங்குவிதியால் அத்தகைய கடமையை உற்பத்தியாளர்மீது சுமத்தியுள்ளது. சிறிய நாட்டு நுகர்வோராகிய நாமும் இவ்வுரிமையைப் பேசத் தொடங்குதல் வேண்டும்.

எனினும் நம் கையிலேயே உள்ள குறை ஒன்று உண்டு. அதனைக் கூறவே இன்று வந்தேன். நாம் பொருளுக்குப் பணம் கொடுக்கின்றோம். பழுதை ஆராய்வதற்குக் கொடுக்கத் தயங்குகின்றோம். இரண்டு மணி நேரம் அளந்து பார்த்து, ‘பெட்டி நல்லது, கம்பிதான் பழுது’ என்று கூறும் இளைஞனிடம், ‘நீ என்ன மாற்றினாய், உனக்கு ஏன் கூலி?’ என்று கேட்கின்றோம். அப்படிக் கேட்டால், அடுத்த முறை அவன் எதையாவது மாற்றவே செய்வான். ஆராய்வதற்குக் கூலி கொடாத ஊர், தேவையற்ற பெட்டிகளுக்கு விலை கொடுத்துக்கொண்டே இருக்கும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. படிப்பு ஏறாத பிள்ளையைக் கராஜில் விடுவோம் என்னும் எண்ணம் பழங்காலத்தது. இன்றைய திருத்துநன் சுற்றுவரைபடத்தை வாசிக்க வேண்டும். ஓமின் விதியை அறியவேண்டும். ஆங்கிலக் கைந்நூலைப் புரிந்துகொள்ள வேண்டும். க.பொ.த. உயர்தரத்தில் தொழினுட்பத் துறை 2013ஆம் ஆண்டு முதல் உண்டு. வடக்கிலே, கிளிநொச்சி அறிவியல் நகரில் இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவகமும் உண்டு. கணிதமும் மொழியும் நன்கு வரும் பிள்ளை ‘நான் மோட்டார்த் தொழில் படிக்கப் போகின்றேன்’ என்றால், முகஞ்சுளியாது வாழ்த்துங்கள்.

மண்ணெண்ணெயில் ஒஸ்ரினை ஓட்டியவர்களும் முதலில் இயந்திரத்தின் இயல்பை அறிந்தே அதனைச் செய்தனர். அவர்கள் கண்ணாற் கண்டதை, அவர்களுடைய பேரர் அளவுமானியாற் காண வேண்டியிருக்கின்றது. அதற்குரிய கல்வியைக் கொடுப்பது எம்போன்ற ஆசிரியர் கடமை. அவ்வுழைப்புக்குரிய கூலியைக் கொடுப்பது வண்டி வைத்திருப்போர் கடமை. அடுத்த மாரி வருமுன், உங்கள் வண்டியின் முன் கண்ணாடிக்கு அடியிற் சருகு அடைத்திருக்கின்றதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.