நோன்பும் குடல் பாக்டீரியாவும்

சஷ்டிக்குப் பட்டினி கிடப்பவரின் இரைப்பை சில மணி நேரத்தில் காலியாகிவிடும். பெருங்குடலின் கதை வேறு. முந்தின நாள் உண்ட உணவின் நார்ச்சத்து அங்கே இன்னும் இருக்கும். கோடானுகோடி பாக்டீரியாக்கள் அதைப் புளிக்கவைத்து அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் என்னும் கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகின்றன. பெருங்குடல் சுவரின் செல்கள் தமக்கு வேண்டிய ஆற்றலைப் பெரும்பாலும் பியூட்டிரேட்டிலிருந்தே எடுத்துக்கொள்கின்றன.

பட்டினி நீண்டால் நார்ச்சத்து தீர்ந்து, இந்த அமிலங்களும் குறைகின்றன. நாரை நம்பிப் பிழைக்கும் இனங்கள் மெலிய, வேறொரு கூட்டம் தலையெடுக்கிறது. குடல்சுவரைப் போர்த்தியிருக்கும் கோழையைத் தின்னும் அக்கர்மான்சியா அவற்றுள் ஒன்று. நெதர்லாந்தின் வாகனிங்கன் ஆய்வாளர்கள் 2004இல் அறிவித்த பாக்டீரியா இது. மனிதர் சாப்பிடாவிட்டாலும் கோழை சுரக்கும். ஆகவே இதற்குப் பஞ்சமில்லை. துருக்கியில் ரமலான் நோன்பிருந்த 9 பேரைச் சோதித்தபோது, மாத முடிவில் இது கூடியிருந்தது. வெறும் 9 பேரை வைத்து நோன்பை மருந்தாக்கிவிட முடியாது என்பது வேறு விஷயம்.

எலிகளை ஒருநாள் விட்டு ஒருநாள் பட்டினி போட்ட ஆய்வு 2017இல் வெளியானது. அவற்றின் குடலில் அசிட்டேட்டும் லாக்டேட்டும் பெருகின. வெள்ளைக் கொழுப்பில் ஒரு பகுதி வெப்பம் தரும் கொழுப்பாக மாறியது. ஆனால் எலிக்கு ஒருநாள் பட்டினி என்பது மனிதருக்குப் பல நாள் பட்டினி.

வழக்கமான சாப்பாடு தொடங்கியதும் பாக்டீரியாக் கூட்டம் பெரும்பாலும் பழைய நிலைக்கே திரும்புகிறது. அதனால் நோன்பை எதைக் கொண்டு முடிக்கிறார்கள் என்பதற்குத்தான் கூடுதல் மதிப்பு. தருமபுரி மாவட்டத்துக்கு இதில் வெளியே தேட வேண்டியதில்லை. இங்கு விளையும் கேழ்வரகில் 100 கிராமுக்குச் சுமார் 11 கிராம் நார் உண்டு. தீட்டிய வெள்ளை அரிசியில் 3 கிராம்கூடத் தேறாது. கிண்டிய களியை ஆறவைத்து மறுநாள் மோரில் கரைத்தால், மாவுச்சத்தின் ஒரு பங்கு சிறுகுடலில் செரிக்காத வடிவம் பெற்றுப் பெருங்குடல்வரை போய்ச் சேரும். நீண்ட பட்டினிக்குப் பின் ஒரேயடியாக உருண்டை உருண்டையாக விழுங்கினால் வாயு உப்பும். நீர்க்கக் கரைத்த கூழ் அந்தத் தொல்லையைக் குறைக்கும். சித்தேரி மலைச் சாமையும் கஞ்சிக்கு ஏற்றதே. அரூர்ப் பக்கத்து மரவள்ளி ஜவ்வரிசியாகிப் பாயசத்தில் விழும்போது கிடைப்பது அநேகமாக வெறும் மாவு. பெருங்குடல் பாக்டீரியாவுக்கு அதில் மிஞ்சுவது மிகக் கொஞ்சம்.