திரையும் ஆசிரியரும்: வகுப்பறைத் தொழில்நுட்பம் யார் கையில்?

(கல்வித்துறையில் பணியாற்றும் தமிழ் பேசும் கட்சி உறுப்பினர்களுக்கான வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மூணாறிலிருந்தும் பெங்களூருவிலிருந்தும் தாராவியிலிருந்தும் வந்திருக்கும் உங்களில் பெரும்பாலோர் ஆசிரியர்கள். நான் ஆசிரியன் அல்லன். கட்சியின் தீர்மானங்களையும் கட்டுரைகளையும் தமிழாக்கம் செய்பவன். கல்வித் தொழில்நுட்பம் குறித்துப் பேச எனக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். கடந்த சில ஆண்டுகளாகக் கல்விக் கொள்கை தொடர்பான ஆவணங்கள் என் மேசைக்கு வந்தவண்ணம் உள்ளன. அவற்றில் மூன்று சொற்கள் திரும்பத் திரும்ப வருகின்றன: 'கன்டென்ட்', 'டெலிவரி', 'யூசர்'. உள்ளடக்கம், வழங்கல், பயனர் என்று தமிழாக்கிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடலாம். ஆனால் மூன்றையும் சேர்த்து நிறுத்திப் பாருங்கள். சரக்கு, பட்டுவாடா, வாடிக்கையாளர் என்னும் கிடங்கு மொழியல்லவா அது? இந்த மொழியில் ஆசிரியருக்கு இடம் எங்கே? சரக்கை வேறொருவர் செய்கிறார். ஆசிரியர் அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறார். நாளை வேறு ஏதேனும் கருவி கொண்டுபோய்ச் சேர்க்குமானால் அவரும் வேண்டாம்.

பல்லூடகமும் கணினியும் வகுப்பறைக்கு வருவதை எதிர்ப்பதற்காக நான் இங்கு நிற்கவில்லை. எந்திரத்தை உடைத்த காலத்துத் தொழிலாளியின் கோபம் நமக்குப் புரியும். ஆனால் நம் கோபம் எந்திரத்தின்மீது அன்று. அமெரிக்காவில் செம்புத் தொழிலாளியாக வாழ்க்கையைத் தொடங்கிய ஹாரி பிரேவர்மேன், 1974இல் வெளிவந்த தம் நூலில் ஏகபோக மூலதனத்தின் கீழ் உழைப்புக்கு நேர்வதை விளக்கினார். வேலையைத் திட்டமிடும் சிந்தனை ஓரிடத்திலும், அதைச் செய்துமுடிக்கும் கை வேறோர் இடத்திலுமாகப் பிரிக்கப்படுகின்றன என்பது அவருடைய முடிவின் சாரம். அவர் பேசியது ஆலையையும் அலுவலகத்தையும் பற்றி. அந்தப் பிரிவினை இன்று வகுப்பறைக்குள் நுழைந்திருக்கிறது என்பதே என் வாதம். ஆகவே ஒவ்வொரு கருவியிடமும் நாம் கேட்க வேண்டிய கேள்வி, அது புதிதா பழையதா என்பதன்று. பாடத்தைச் சிந்திக்கும் வேலை ஆசிரியரிடம் இருக்கிறதா, பறிக்கப்படுகிறதா என்பதே.

சற்றுப் பின்னோக்கிப் போவோம். 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை ஓராண்டுக் காலம், ஆறு மாநிலங்களைச் சேர்ந்த 2,400 கிராமங்களில் செயற்கைக்கோள் வழியாகக் கல்வித் தொலைக்காட்சி ஒளிபரப்பப்பட்டது. 'சைட்' என்று அழைக்கப்பட்ட அந்தச் சோதனையின்போது, தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு அறிவியல் கற்பிப்பதில் 12 நாள் பயிற்சியும் நடந்தது. தொலைக்காட்சி, வானொலி, அச்சிட்ட ஏடு, கையால் செய்துபார்க்கும் சோதனைகள், உடனிருந்து வழிகாட்டுபவர் எனப் பலவற்றை இணைத்த பயிற்சி அது. 'பல்லூடகம்' என்று இன்று நாம் வியப்பது அரை நூற்றாண்டுக்கு முன்பே இந்தியக் கிராமத்துக்கு வந்துவிட்டது. ஆனால் செயற்கைக்கோள் அமெரிக்காவின் நாசாவுக்குச் சொந்தமானது. ஓராண்டு முடிந்தது, ஒளிபரப்பும் நின்றது. நாட்டில் நெருக்கடி நிலை நிலவிய ஆண்டு அது என்பதையும், மேலிருந்து கீழ் நோக்கி மட்டுமே பேசும் ஊடகம் எந்த ஆட்சிக்கும் பிடித்தமானது என்பதையும் இடையில் ஒரு குறிப்பாகச் சொல்லிவைக்கிறேன்.

இனிக் கேரளத்துக்கு வருகிறேன். 2001இல் 'ஐடி அட் ஸ்கூல்' திட்டம் தொடங்கியபோது, பாடநூலே ஒரு பன்னாட்டு நிறுவனத்தின் மென்பொருளைக் கற்பிக்கும் கையேடு போல இருந்தது. ஆசிரியர் அமைப்புகளும் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்களும் இதை எதிர்த்துக் குரல் எழுப்பினர். அந்தப் போராட்டத்தின் விளைவாகப் பத்தாண்டு முடிவதற்குள் கேரளப் பள்ளிகள் கட்டற்ற மென்பொருளுக்கு மாறின. உரிமக் கட்டணம் மிச்சமானதை மட்டுமே பலர் சொல்கிறார்கள். அதைவிட முதன்மையானது, மென்பொருளைத் திறந்துபார்க்கவும் மாற்றவும் மலையாளத்துக்கும் தமிழுக்கும் கன்னடத்துக்கும் ஏற்ப அமைக்கவும் ஆசிரியருக்கு உரிமை கிடைத்தது. பயிற்சி அளித்தவர்களும் நிறுவனங்களின் விற்பனைப் பிரதிநிதிகள் அல்லர், பள்ளி ஆசிரியர்களே. 2017இல் அத்திட்டம் 'கைட்' என்னும் அரசு நிறுவனமாயிற்று. 2018இல் தொடங்கிய உயர்தொழில்நுட்பப் பள்ளித் திட்டத்தின்கீழ் எட்டு முதல் பன்னிரண்டு வரையிலான 45,000 வகுப்பறைகளுக்கு மடிக்கணினியும் புரொஜெக்டரும் வழங்கப்பட்டன.

கருவி வந்தபின் வகுப்பறையில் என்ன மாறுகிறது? ஓர் எடுத்துக்காட்டைச் சற்று விரிவாகவே பார்ப்போம். அரைவட்டத்தில் அமையும் கோணம் செங்கோணம் என்பது நாம் எல்லாரும் படித்த தேற்றம். கரும்பலகையில் ஆசிரியர் ஒரு படம் வரைவார். ஒரு கோணம் 90 பாகை என்று நிறுவுவார். மாணவர் அந்த ஒரு படத்தை மனப்பாடம் செய்வார். இதையே ஒரு காணொலியாக எடுத்தால் படம் அழகாக இருக்கும், பின்னணி இசைகூட இருக்கும். ஆனால் மாணவரின் வேலை மாறாது, அவர் பார்த்துக்கொண்டே இருப்பார். ஜியோஜீப்ரா என்னும் மென்பொருளில் அதே படத்தை வரைந்து, வட்டத்தின் மேலுள்ள புள்ளியை மாணவர் கையாலேயே நகர்த்தச் சொல்லுங்கள். புள்ளி எங்கே போனாலும் கோணம் 90ஆகவே நிற்கிறது. 'ஏன் மாறவில்லை?' என்ற கேள்வி அப்போதுதான் பிறக்கிறது. நிறுவல் தேவைப்படுவது அந்தக் கேள்விக்குப் பிறகுதான்.

அத்துடன் முடிவதில்லை. ஒரு குழந்தை புள்ளியை நகர்த்திக்கொண்டே போய் விட்டத்தின் முனையோடு ஒட்டிவிடும். கோணம் காணாமற்போகும். 'டீச்சர், இப்ப கோணம் எங்கே?' என்று கேட்கும். காணொலியில் இதற்கு விடை இல்லை, ஏனெனில் காணொலி இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. முனையில் இரு புள்ளிகள் ஒன்றாகிவிட்டால் ஒரு கை மறைந்துவிடுகிறது, கையில்லாத கோணம் இல்லை என்பதை அங்கேயே அந்தக் குழந்தையின் மொழியில் சொல்ல ஆசிரியர் ஆயத்தமாக இருக்க வேண்டும். அதற்கு முந்தைய நாள் மாலையில் அவரே அந்தப் புள்ளியை நகர்த்திப் பார்த்திருக்க வேண்டும். கருவி வந்தால் ஆசிரியரின் வேலை குறையும் என்பார் இதைக் கண்டதில்லை. நல்ல கருவி ஆசிரியரின் ஆயத்தத்தைக் கூட்டுகிறது.

நன்னூலின் பாயிரத்தில் நூல், நுவல்வோன், நுவலும் திறன், கொள்வோன், கோடற்கூறு எனக் கற்பித்தலை ஐந்தாகப் பகுத்துப் பேசுகிறார் பவணந்தியார். ஆசிரியரின் தகுதியைக் குலத்திலிருந்து தொடங்கும் அந்தப் பார்வை நமக்கு உடன்பாடன்று. ஆயினும் நூல் வேறு, அதைக் கற்பிக்கும் திறன் வேறு, ஏற்பவர் ஏற்கும் விதம் வேறு என்ற பகுப்பு கூர்மையானது. இன்றைய செயலிகள் ஐந்தையும் முதல் ஒன்றாகச் சுருக்குகின்றன.

மாறாக ஒன்றிய அரசின் வழியைப் பாருங்கள். 2017இல் கல்வி உரிமைச் சட்டத்தைத் திருத்தி, பயிற்சி பெறாத ஆசிரியர்கள் 2019 மார்ச் 31க்குள் தகுதி பெற வேண்டும் என்றார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் தொடக்கக்கல்விப் பட்டயப் படிப்பில் சேர்ந்தனர். 'ஸ்வயம்' இணையதளமும் தொலைக்காட்சி அலைவரிசையும் அந்தப் படிப்பின் முதுகெலும்பாக இருந்தன. பெரும்பாலோர் குறைந்த கூலிக்குத் தனியார் பள்ளிகளில் உழைத்தவர்கள். அவர்கள் பயிற்சி பெறுவதை யார் மறுப்பார்கள்? ஆனால் மற்றோர் ஆசிரியர் கற்பிப்பதைக் கூர்ந்து நோக்கவும், தாம் கற்பிப்பதைப் பிறர் நோக்கித் திருத்தவும் போதிய வாய்ப்பில்லாத பயிற்சி எப்படிப்பட்டது? நீந்துவதைக் காணொலியில் கற்பது போன்றது. உச்சநீதிமன்றம் அமைத்த நீதிபதி வர்மா ஆணையம் 2012இல் அளித்த அறிக்கை, ஆசிரியர் கல்வி நிறுவனங்களில் ஏறத்தாழ 90 விழுக்காடு தனியார் கையில் இருப்பதைச் சுட்டிக்காட்டியது. அந்தச் சீர்கேட்டுக்கு மருந்து அரசுக் கல்வியியல் கல்லூரிகளை வலுப்படுத்துவது. வந்ததோ இணையதளம்.

2019இல் நேரடிப் பயிற்சியாகத் தொடங்கிய 'நிஷ்டா' திட்டம், பெருந்தொற்றின்போது 'தீக்ஷா' தளத்துக்கு மாற்றப்பட்டது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை ஒவ்வோர் ஆசிரியரும் ஆண்டுக்கு 50 மணி நேரம் பணித்திறன் மேம்பாட்டில் ஈடுபட வேண்டும் என்கிறது. கேட்க நன்றாகவே இருக்கிறது. ஆனால் அந்த 50 மணி நேரம் பள்ளி நேரத்திலா, வீட்டிலா? காணொலியை ஒருபுறம் ஓடவிட்டு, மறுபுறம் விடைத்தாள் திருத்தி, இறுதியில் கேள்விகளுக்குப் பொத்தானை அழுத்திச் சான்றிதழை இறக்கிக்கொள்வதாக ஆசிரியத் தோழர்கள் சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னதுண்டு. அது ஆசிரியரின் சோம்பல் அன்று. சிந்தனை எதிர்பார்க்கப்படாத இடத்தில் சிந்திக்காமல் இருப்பது இயல்பு. ஆசிரியர்களும் மாணவர்களும் அளித்த தரவுகளின் கதி என்ன? 'தீக்ஷா' செயலி மாணவர்களின் இருப்பிடத் தகவலைச் சேகரிக்கக் கூடியது என்று 2022இல் மனித உரிமைகள் கண்காணிப்பகம் வெளிப்படுத்தியது. அடுத்த ஆண்டே பல லட்சம் பேரின் விவரங்கள் பாதுகாப்பின்றி இணையத்தில் கிடந்த செய்தி வந்தது.

தனியாரைப் பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. 2022இல் 2,200 கோடி டாலர் மதிப்புடையது என்று கொண்டாடப்பட்ட பைஜூஸ், 2024 ஜூலையில் திவால் நடவடிக்கைக்குள் இழுக்கப்பட்டது. கடன் வாங்கிப் பணம் கட்டிய பெற்றோரும், வேலையிழந்த இளைஞர்களும் அந்த மதிப்பீட்டில் எங்கும் கணக்கிடப்படவில்லை. மூலதனத்தின் முதல் தொகுதியில் ஆக்கபூர்வ உழைப்பை விளக்க மார்க்ஸ் பள்ளி ஆசிரியரையே எடுத்துக்காட்டாகக் கொண்டார். கல்விக்கூட முதலாளிக்குக் கல்வி என்பது முதலீட்டுத் துறைகளுள் ஒன்று மட்டுமே என்பதை அவர் அன்றே கண்டுவிட்டார்.

பெருந்தொற்றுக் காலம் இரு வழிகளையும் பக்கத்தில் வைத்துக் காட்டியது. 2017-18ஆம் ஆண்டின் தேசிய மாதிரி ஆய்வின்படி ஊரக வீடுகளில் 15 விழுக்காட்டில் மட்டுமே இணைய வசதி இருந்தது. அந்த நாட்டில்தான் 'ஆன்லைன் வகுப்பு' என்று அறிவித்துவிட்டுக் கதவை மூடினார்கள். கேரளம் 2020 ஜூன் 1 அன்று விக்டர்ஸ் தொலைக்காட்சியில் 'ஃபர்ஸ்ட் பெல்' வகுப்புகளைத் தொடங்கியது. அங்கும் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவரிடம் தொலைக்காட்சியோ இணையமோ இல்லை என்பது கணக்கெடுப்பில் தெரிந்தது. ஆகவே முதல் நாட்களின் வகுப்புகள் சோதனை ஒளிபரப்பாக வைக்கப்பட்டு மறுஒளிபரப்புச் செய்யப்பட்டன. நூலகங்களும் அங்கன்வாடிகளும் பொதுக்கற்றல் மையங்களாயின. வாலிபர் சங்கத் தோழர்கள் வீடுவீடாகத் தொலைக்காட்சிப் பெட்டிகளைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். ஒளிபரப்பு முடிந்ததும் வகுப்பாசிரியர் தொலைபேசியில் அழைத்துக் கேட்டார், பணித்தாள் தந்தார். தோட்டப் பகுதிகளில் அலைபேசிக் கோபுரமே எட்டாத லயங்களில் இது போதவில்லை என்பதை மூணாறுத் தோழர்கள் என்னைவிட நன்கு அறிவார்கள். தமிழ்வழி வகுப்புகளும் எடுக்கப்பட்டன, ஆனால் மலையாள வகுப்புகளுக்குக் கிடைத்த முதன்மை அலைவரிசை அவற்றுக்குக் கிடைக்கவில்லை. பெரும்பாலும் யூடியூபை நம்ப வேண்டியிருந்தது. இணையம் இல்லாத பிள்ளைக்கே இணையவழி என்பது, நம்முடைய ஆட்சியானாலும் நாம் சுட்டிக்காட்ட வேண்டிய குறை.

மொழி பற்றிய கவலை எனக்குத் தொழில்முறையில் வருவது. இப்போது பாடங்களை எந்திர மொழிபெயர்ப்பால் ஒரே இரவில் எல்லா இந்திய மொழிகளுக்கும் கொண்டுவரலாம் என்கிறார்கள். நான் நாள்தோறும் அந்தக் கருவிகளைப் பயன்படுத்துகிறேன், பயனுள்ளவைதாம். ஆனால் இயற்பியலில் 'பவர்' என்பது திறன், அரசியலில் அதிகாரம், மின்வாரியத்தில் மின்சாரம். உயிரியலின் செல் வேறு, மின்கலம் வேறு, சிறையறை வேறு. எந்திரம் பலமுறை சரியாகவும் சிலமுறை தவறாகவும் சொல்லும். இரண்டையும் ஒரே உறுதியோடு சொல்லும். தவறு எது என்று கண்டுபிடிக்க ஆசிரியருக்குப் பாடமும் மொழியும் இரண்டும் தெரிந்திருக்க வேண்டும். 2024 மே மாதம் கேரளம் 80,000 ஆசிரியர்களுக்குச் செயற்கை நுண்ணறிவுப் பயிற்சியைத் தொடங்கியது. கருவியை இயக்குவதோடு, அதன் சார்புகளையும் போலிக் காணொலிகளையும் அடையாளம் காண்பது அப்பயிற்சியில் சேர்க்கப்பட்டதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். ஆயினும் கேரளத்திலும் ஆபத்து இல்லாமல் இல்லை. தளத்தில் ஆயத்தமாகக் கிடைக்கும் பாடத்திட்டத்தை அப்படியே எடுத்துத் திரையில் ஓட்டிவிடும் பழக்கம் பரவுமானால், பொதுத்துறைக் கிடங்கும் கிடங்குதான்.

நாம் எங்கே தலையிடுவது? 2023-24ஆம் ஆண்டின் 'யூடைஸ்' கணக்கின்படி நாட்டின் பள்ளிகளில் 53.9 விழுக்காட்டில்தான் இணைய இணைப்பு இருந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவை ஓராசிரியர் பள்ளிகள். அந்த ஓராசிரியருக்குத் திறன்பலகை கொடுப்பதைவிட இரண்டாவது ஆசிரியரைக் கொடுப்பதே முதல் சீர்திருத்தம். இது சங்கங்களின் பொதுக் கோரிக்கை. அதை நான் விளக்க வேண்டியதில்லை.

குறைவாகப் பேசப்படும் ஒன்றைச் சொல்கிறேன். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஆசிரியரின் வாரப் பணிநேரத்தைக் குறைந்தது 45 மணி என்று வரையறுக்கும்போது, பாடம் ஆயத்தம் செய்யும் நேரத்தையும் அதற்குள்ளேயே சேர்த்துச் சொல்கிறது. ஆயத்தம் என்பது ஆசிரியரின் தனிப்பட்ட தியாகம் அன்று. சட்டப்படி அது வேலைநேரம். அதே சட்டத்தின் 27ஆம் பிரிவு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவை நீங்கலாகக் கல்விசாராப் பணிகளில் ஆசிரியரை ஈடுபடுத்தக் கூடாது என்கிறது. இன்று அந்த ஆயத்த நேரத்தை விழுங்குவது எது? மதிய உணவுச் செயலி, வருகைப்பதிவுச் செயலி, 'யூடைஸ்' பதிவேற்றம், பயிற்சிச் சான்றிதழ் பதிவேற்றம். தொழில்நுட்பம் ஆசிரியரின் சுமையைக் குறைக்கும் என்றவர்கள் எழுத்தர் வேலையை அவர் கைப்பேசிக்கு மாற்றிவிட்டார்கள்.

உங்கள் பள்ளியில் ஒரு வாரம் எத்தனை மணி நேரம் தரவு ஏற்றுவதில் போகிறது, எத்தனை மணி நேரம் பாட ஆயத்தத்துக்குக் கிடைக்கிறது என்று குறித்துவையுங்கள். 21ஆம் பிரிவின்படி அமைந்த பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர் நான்கில் மூன்று பங்கு இருக்கிறார்கள். பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பது அந்தக் குழுவின் பணி. அடுத்த கூட்டத்தில் அந்தக் குறிப்பேட்டைப் பெற்றோர் முன் வையுங்கள். தரவு ஏற்ற ஓர் எழுத்தர் பணியிடம் வேண்டும் என்ற கோரிக்கையை வளர்ச்சித் திட்டத்தில் எழுதச் செய்யுங்கள். வெவ்வேறு மாநிலங்களிலிருந்து வரும் அந்தக் குறிப்பேடுகளை எனக்கு அனுப்பினால், அவற்றைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தொகுத்துத் தரும் வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன்.