இறந்த கலங்களும் நம் இதயமும்



உயிரியல் வகுப்பில் நாம் வரைந்து பெயரிட்ட முடியுரு நாடியைச் சற்று நினைவுக்குக் கொண்டுவருவோம். அதன் சுவருக்குள் கெட்ட கொலஸ்திரோல் புகுந்தால், அதை விழுங்க வெண்குருதிக் கலங்கள் வருகின்றன. அளவுக்கு மிஞ்சி விழுங்கியவை நுரைபோலப் பருத்து அங்கேயே இறக்கின்றன. ஆரம்பத்தில் அயலிலுள்ள கலங்கள் அவற்றை அகற்றிவிடும். காலப்போக்கில் அந்தத் துப்புரவு தடைப்பட, சிதைவுகள் கூழாகத் தேங்கிப் படிவு வளர்கிறது. அதன் மூடியைத் தாங்கும் தசைக்கலங்களும் மடிந்தால் மூடி மெலிந்து கிழியலாம். அங்கே குருதி உறைந்து மாரடைப்பு வருகிறது.

பெரிதாக ஒடுங்காத நாடியிலும் இது நிகழலாம். ஆகவே, நோவில்லை என்பதால் நோயில்லை என்று இருந்துவிட முடியாது. மாதவிடாய் நின்றபின் நமக்கு இந்த ஆபத்து கூடுகிறது. நெஞ்சுநோவோடோ, அது இல்லாமலோ மூச்சுத்திணறல், குமட்டல், தாடை அல்லது முதுகு நோவு, கடுஞ்சோர்வு வரலாம். "வாயுதான்" என்று இஞ்சிப் பிளேன்ரீ குடித்துக் காத்திராமல் உடனே வைத்தியசாலைக்குப் போவோம். இலங்கையில் 1990 ஐ அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

அதற்கு முன்னரே குருதி அமுக்கம், கொலஸ்திரோல், நீரிழிவு மூன்றையும் சோதித்துக்கொள்வோம். வீட்டில் எல்லோருக்கும் மருந்து எடுத்துக் கொடுக்கும் நாம், நமக்குரியதையும் தவறாமல் எடுப்போம்.