நாய்க்கும் ஒரு முகவரி

ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நம்மிற் பலர், வீட்டிற்குக் காவலாகவும் பிள்ளைகளுக்குத் தோழனாகவும் நாய் வளர்க்கிறோம். மாற்றல் உத்தரவு வந்தால் அதையும் உடன் கொண்டு செல்கிறோம். சமையல் வாயு இணைப்பையும் பள்ளிச் சான்றிதழையும் மாற்றிக்கொள்ள மறவாத நாம், நாயின் பதிவை மட்டும் நினைப்பதில்லை. புது ஊரின் தெருக்களை அறியாத நாயே எளிதில் வழி தவறும். ஆதலின் இது சிறிய மறதி அன்று.

நாய்களைப் பதிவு செய்வது புதிய வழக்கமும் அன்று. 1957ஆம் ஆண்டின் தில்லி மாநகராட்சிச் சட்டம், தன் 399ஆம் பிரிவில், பதிவைக் கட்டாயமாக்கும் துணைவிதிகளுக்கு இடம் தந்தது. பதிவான நாயின் கழுத்துப்பட்டையில் உலோக வில்லை இருத்தல் வேண்டும். வில்லையின்றிப் பொது இடத்தில் காணப்படும் நாயைப் பிடித்து வைக்கலாம் என்பது அதன் கருத்து. ஆனால் பட்டை அறுந்துபோகும், வில்லை விழுந்துவிடும். திருடன் முதலில் கழற்றி எறிவதும் அதையே.

இக்குறையைத் தீர்க்க வந்தது மைக்ரோசிப். அரிசி மணியளவேயான இதனைக் கால்நடை மருத்துவர் ஊசி வழியாக இரு தோள்களுக்கிடையே தோலின் கீழ்ச் செலுத்துகிறார். இதில் மின்கலம் இல்லை. படிக்கும் கருவியை அருகே கொணர்ந்தால், அதன் அலையிலிருந்தே சக்தி பெற்று, உலகத் தர முறைப்படி அமைந்த 15 இலக்க எண்ணைத் தெரிவிக்கும்.

நாய் எங்கே இருக்கிறது என்பதை இது காட்டும் என்று சிலர் கருதுவதுண்டு. அது சரியன்று. நம் பெயரும் தொலைபேசி எண்ணும் கூட அதற்குள் இல்லை. அவ்வெண்ணுக்கு நேரே நம் விவரம் பதிவேட்டில் இருந்தால்தான் பயன். பழைய முகவரியோடு நின்றுவிட்ட பதிவு, பூட்டிய வீட்டுக்குப் போட்ட கடிதம் போன்றது.

ஆகவே நாம் செய்யத்தக்கவை மூன்று. குட்டிக்கு மூன்று மாதமானதும் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, அட்டையில் சிப் எண்ணையும் குறிக்கச் செய்தல். வாழும் ஊரின் மாநகராட்சியில் பதிந்து, உரிய காலத்தில் புதுப்பித்தல். வீடு மாறிய வாரத்திலேயே முகவரியையும் தொலைபேசி எண்ணையும் திருத்துதல். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கு நாயைக் கொண்டுசெல்வோர் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: சிப் பொருத்துமுன் போட்ட வெறிநோய்த் தடுப்பூசி அங்கே கணக்கில் சேராது.

மொழி தெரியாத ஊரில் பிள்ளையின் சட்டைப்பையில் முகவரி எழுதி வைக்கும் நாம், வாயில்லாப் பிராணிக்கும் அதைச் செய்வோமாக.